பெயர் மாற்றமும் பிறர் நோக்கும்

பெயர்ச்சொற்களை இடுகுறிப்பெயர் எனவும் காரணப்பெயர் எனவும் இருவகைப்படுத்துதல் இலக்கண நூலார் மரபு. காரணம் கருதாது முன்னோர் இட்டு வழங்கியது இடுகுறி. ஒரு காரணம் பற்றி வந்தது காரணப்பெயர். இப்பாகுபாட்டை யான் பல்லாண்டுகளாக மாணாக்கர்க்குக் கற்பித்து வருகின்றேன். மரம் இடுகுறி, பறவை காரணம் என்று கரும்பலகையில் எழுதிவிடுதல் எளிது. ஒரு குடியின் பெயர் எவ்வகையைச் சார்ந்தது என்னும் வினா சென்ற ஆண்டு என் இல்லத்திலேயே எழுந்தபோதுதான் அஃது அத்துணை எளிதன்று என்பதை உணர்ந்தேன்.

கனடா நாட்டில் பணிபுரியும் என் தமக்கையார் மகனுக்குப் பெண்மகவு பிறந்தது. அந்நாட்டுப் பதிவேட்டில் குழந்தையின் பெயரோடு குடும்பப்பெயர் ஒன்றும் எழுதவேண்டுமாம். அவன் எனக்கு எழுதினான்: “மாமா, நமக்குக் குடும்பப்பெயர் எது? பிள்ளை என்று எழுதுவதா, ஊர்ப்பெயரை எழுதுவதா, புதிதாக ஒன்றைத் தேர்ந்துகொள்வதா? நீங்கள் தமிழ் படித்தவர்கள், நீங்களே சொல்லவேண்டும்.” இவ்வினாவுக்கு ஒருவரியில் விடையிறுக்க என்னால் இயலவில்லை. ஆராயத் தொடங்கியவிடத்து, நம் சமூகத்தின் ஆயிரம் ஆண்டு வரலாறே பெயர் மாற்றங்களின் வரலாறாக இருத்தல் கண்டேன். அதனை நம் சங்கத்து அன்பர்களின் பார்வைக்கு ஈண்டு வைக்கின்றேன்.

முதற்கண் கல்லிற் பொறித்த பெயர்களை நோக்குவோம். முதலாம் இராசராச சோழன் தஞ்சைப் பெரியகோயிலை எடுப்பித்து, சோழநாட்டின் பல தளிகளினின்றும் 400 ஆடல் மகளிரைக் கொணர்ந்து, கோயிலைச் சூழ்ந்த தளிச்சேரிகளிற் குடியேற்றினான். அவர்கட்குத் தலைக்கு ஒரு வீடும் ஒரு பங்கும் அளிக்கப்பட்டன. பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் ஆடவல்லான் என்னும் மரக்காலால் நூறு கலம் நெல். பங்குடையார் இறப்பினும் வேற்றுநாடு செல்லினும் அவர்க்கு அணுக்கமான உறவினர் அப்பணியைச் செய்து பங்கைப் பெறலாம். அவ்வுறவினர் தகுதியற்றவராயின் தகுதியுடையாரைத் தேர்ந்து இடல்வேண்டும் என்பதும் அச்சாசனத்தில் உளது. நட்டுவம் செய்வோர், பாடுவோர், இசைக்கருவி வாசிப்போர் ஆகியோர்க்குரிய பங்குகளும் உடன் குறிக்கப்பட்டுள்ளன.

இவற்றினும் என் கருத்தைக் கவர்ந்தது அம்மகளிரின் பெயரமைப்பாகும். இன்ன தெரு, இன்ன சிறகு, இன்ன வீடு என்று இருப்பிடம் கூறி, திருவாரூர், திருவையாறு, பழையாறு என வந்த ஊரும் தளியும் கூறி, அதன்பின் ‘நக்கன்’ என்னும் சொல்லை வைத்து, ஈற்றில் இயற்பெயரைச் சாசனம் கூறுகின்றது. நக்கன் சேரமங்கை என்பது அங்ஙனம் வந்த பெயர்களுள் ஒன்று. நக்கன் என்பது சிவபெருமானுக்குரிய பெயர். அஃது இம்மகளிரின் பெயர்க்கு முன்னே தந்தையின் இடத்தில் நிற்கின்றது. முதலில் ஊர், அடுத்துத் தந்தை நிலையில் இறைவன், ஈற்றில் தம் பெயர். இன்று நாம் எழுதும் தலைப்பெழுத்து முறையும் இதுவேயன்றோ? குலப்பெயர் என்பதற்கு அங்கே இடமில்லை. ஆடலில் வல்லார் ‘தலைக்கோலி’ என்னும் பட்டத்தைப் பெயரோடு தாங்கினர் என்பதும் சோழர் காலக் கல்வெட்டுக்களால் விளங்கும். முதலாம் இராசேந்திரனின் அணுக்கியாராகிய பரவை நங்கையார் திருவாரூர்க் கோயிலுக்குப் பொன் வேய்ந்த செய்தியையும் கல்லே கூறுகின்றது. தேவரடியார் என்பது அக்காலத்தில் நாணுதற்குரிய பெயராயிருப்பின், கொடையளித்த மகளிர் தம் கொடையோடு அதனைக் கல்லிற் பொறிக்க ஒருப்பட்டிரார்.

அச்சொல் பிற்காலத்து என்னவாயிற்று என்பதை யான் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ‘நாற்றம்’ என்னும் சொல் முன்பு நறுமணத்தைக் குறித்து, இன்று தீநாற்றத்தைக் குறிக்கின்றது. இதனை இழிபொருட்பேறு என்பர் மொழிநூலார். தேவரடியார் என்னும் சொல்லும் அவ்வாறே இழிந்து, தெருச்சண்டையில் எறியப்படும் வசைச்சொல்லாய் முடிந்தது. சொல் தானே இழியாது. அச்சொல்லுக்குரியாரின் நிலம் குறைந்து, அரசின் ஆதரவு அற்று, செல்வரின் தயவை நோக்கி வாழும் நிலை நேர்ந்தபோது சொல்லும் உடன் இழிந்தது.

நாயக்கர், மராட்டியர் காலங்களில் தஞ்சை அரண்மனை நம் கலைக்குத் தாயகமாயிருந்தது. சரபோசி மன்னர் அவையில் விளங்கிய சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சை நால்வரை அறியாதார் யார்? 1855இல் தஞ்சை அரசு ஆங்கிலேயர் வசமானபின் அரண்மனைக் கதவு அடைபட்டது. எஞ்சியவை கோயில் மானியமும் மிராசுதார் வீட்டுத் திருமணமுமே. ஆங்கிலேயர் குடிக்கணக்கு எடுக்கத் தொடங்கியபோது, நம்மவர் பெரும்பாலும் ‘மேளக்காரர்’ என்னும் தலைப்பில் அடங்கினர். நாகசுரமும் தவிலும் பெரிய மேளம் என்றும், ஆடலும் அதற்குரிய நட்டுவாங்கமும் சின்ன மேளம் என்றும் ஊரார் வழங்கியதனின்று வந்த பெயர் அது. ஊர்வலத்தில் மணிக்கணக்காக நின்று வாசித்த வித்துவான், பெரியமனிதர் எதிர்ப்படின் தோள்துண்டை இடுப்பிற் கட்டிக்கொள்ளவேண்டும் என்னும் வழக்கமும் அப்பெயரோடு ஒட்டியிருந்தது. மு. கருணாநிதி அவர்கள் 1924இல் திருக்குவளையில் நம் குடியிற் பிறந்தவர். தாம் சிறுவயதில் நாகசுரம் பயிலச் சென்றவிடத்துக் கண்ட இத்தகைய இழிவே தமக்கு முதல் அரசியற் பாடமாயிற்று என்னும் கருத்தை அவர் எழுதியுள்ளார்.

இந்நிலையில் நம் முன்னோர் இரண்டு பெயர்களை மேற்கொண்டனர். ஒன்று தனிமனிதர் பெயரின் ஈற்றில் நின்ற ‘பிள்ளை’ என்னும் பட்டம். மற்றொன்று குடி முழுமைக்கும் உரிய ‘இசை வேளாளர்’ என்னும் பெயர். இவ்விரண்டையும் பிறர் எங்ஙனம் நோக்கினர் என்பதே இக்கட்டுரையின் மையப் பொருள்.

பிள்ளை என்பது தொல்காப்பிய மரபியலில் இளமைப் பெயர்களுள் ஒன்றாக வைத்து எண்ணப்பட்டது. மகவைக் குறித்த சொல் அன்பால் மதிப்புச் சொல்லாகி, கணக்கர்க்கும் வேளாளர்க்கும் பட்டமாயிற்று. நட்டுவனார் என்றும் நாயனக்காரர் என்றும் ஊரார் அழைத்தவர்கள், அச்சிட்ட கச்சேரி விளம்பரங்களிலும் இசைத்தட்டுக்களிலும் பிள்ளை ஆயினர். திருவாவடுதுறை இராசரத்தினம் பிள்ளை, பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை என்று இன்று நாம் பெருமிதத்தோடு கூறும் பெயர்கள் அங்ஙனம் உலகறிந்தன. எனினும் ‘எந்தப் பிள்ளை?’ என்று கேட்பதை ஊரார் விட்டாரல்லர். மெல்ல மெல்ல வேளாளர் ஆகிவிட்டனர் என்று பிற குலத்தார் சிலரை எள்ளும் பழமொழியொன்று தமிழ்நாட்டில் முன்னமே இருந்தது. அந்நகை நம்மையும் விடவில்லை.

இராசரத்தினம் பிள்ளையவர்களின் பெயரிற் பிறிதொரு நுட்பமும் உண்டு. அவர்தம் தலைப்பெழுத்துக்களுள் ‘ந’ என்பது அவரைத் தம் மகவாகக் கொண்டு வளர்த்த தாய்மாமன் திருமருகல் நடேச பிள்ளையைக் குறிப்பது. நம் குடியில் கலையும் பெயரும் தந்தைவழியே மட்டும் இறங்கியவை அல்ல என்பதற்கு இஃது ஒரு சான்று.

இனி இசை வேளாளர் என்னும் பெயருக்கு வருவோம். 1927ஆம் ஆண்டு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் சென்னைச் சட்டசபையில் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கக் கோரித் தீர்மானம் கொணர்ந்தார். 1929ஆம் ஆண்டுச் சட்டம் கோயிற்பணிக்கு ஈடாக விடப்பட்ட மானிய நிலங்களை அப்பணியினின்று விடுவித்து மகளிர்க்கே உரிமையாக்க வழிசெய்தது. 1947ஆம் ஆண்டுச் சட்டம் பொட்டுக்கட்டுதலை முற்றும் தடுத்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர்ஊராகச் சென்று அதற்காகப் பாடுபட்டவர். 1936இல் ‘தாசிகள் மோசவலை’ என்னும் நாவலையும் எழுதினார். இக்கிளர்ச்சியோடு ஒட்டியே, காவிரிக்கரை ஊர்களிற் கூடிய நம் சங்கங்கள், மேளக்காரர் முதலிய பழைய பெயர்களை விடுத்து, இசை வேளாளர் என்னும் பெயரை நிலைநிறுத்தின. இன்று தமிழக அரசின் மிகவும் பிற்பட்ட வகுப்பினர் பட்டியலில் அப்பெயரே உளது.

இப்பெயர்க்கு மூன்று திசையினின்றும் தடை எழுந்தது. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

முதல் தடை உழுகுடியார் கூற்று. ஏர் பிடியாதார் வேளாளர் ஆதல் எங்ஙனம் என்பது அது. வேளாண்மை என்னும் சொல்லைத் திருவள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தில் உபகாரம் என்னும் பொருளில் ஆண்டிருத்தலைக் காட்டி, இசையால் உலகிற்கு உபகரிப்போர் இசை வேளாளர் என்று நம் பெரியோர் விடையிறுத்தனர். சொல்லிலக்கண நெறியில் இவ்விடை செம்மையானதே. ஆயினும் மனச்சான்றுக்கு அஞ்சி ஒன்று கூறுவேன். நம் முன்னோர் அகராதியைப் புரட்டி மட்டும் இப்பெயரைத் தேர்ந்தாரல்லர். நெல் விளையும் இந்நாட்டில் நிலமுடையாரே மதிக்கப்பட்டனர். திண்ணையில் அமரும் உரிமை அவர்க்கே இருந்தது. அத்திண்ணையில் இடம் வேண்டியே அச்சொல்லை எடுத்தனர். அதில் நாணுதற்கு யாதுமில்லை. இடம் மறுக்கப்பட்டவன் இடம் கேட்டல் இயல்பு.

அன்றியும் இது நமக்கு மட்டும் உரிய கதையன்று. தென்பாண்டி நாட்டில் சாணார் என்று எழுதப்பட்டோர் நெடுங்காலம் முயன்று 1921இல் நாடார் என்று அரசு எழுதுமாறு செய்தனர். 1922இல் ஆதிதிராவிடர் என்னும் பெயரை அரசு ஏற்றது. நூறாண்டு கடந்து, 2021இல் நாடாளுமன்றச் சட்டத்தால் ஏழு பிரிவினர் தேவேந்திரகுல வேளாளர் என்னும் ஒரு பெயரின்கீழ் வந்தனர். அப்பொழுதும் வேளாளர் என்னும் சொல் எமக்கே உரியது என்று மறுத்தோர் இருந்தனர். நம்மை நோக்கி எழுந்த அதே தடை! அதனைக் கேட்டு நம்மவருள் சிலரும் அம்மறுப்பாரோடு சேர்ந்து நகைத்தனர் என்பதை வருத்தத்தோடு குறிக்கின்றேன். நேற்று நாம் கேட்ட வசையை இன்று பிறர்க்கு வழங்குதல் அறமாகுமோ?

இரண்டாம் தடை சீர்திருத்தக்காரர் கூற்று. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டிற் கூடிய சுயமரியாதை மாநாடு பெயரின் ஈற்றிலுள்ள சாதிப்பட்டங்களை விட்டொழிக்குமாறு தீர்மானித்தது. பலர் அவ்வாறே விட்டனர். அது தமிழ்நாட்டுக்குப் பெருநன்மை பயத்தது என்பதில் ஐயமில்லை. இன்று தமிழர் பெரும்பாலோர் பட்டமின்றித் தலைப்பெழுத்தோடு மட்டும் வாழ்தல் அதன் பயனே. பட்டத்தை எல்லோரும் விடும் காலத்தில் நீவிர் புதிதாகச் சாதிப்பெயர் புனைவது ஏன் என்று நம்மை வினவினர். விடை இதுதான். பரம்பரையாகப் பட்டம் உடையவன் அதனை விட்டால் தியாகம் என்று உலகம் போற்றும். பட்டம் மறுக்கப்பட்டவன் விடுதற்கு அவன்பால் என் உளது? வசைப்பெயர் ஒன்றே உளது. அதனை விட்டவிடத்து வெறுமையாய் நிற்க உலகம் ஒருவனை விடுவதில்லை. பழைய பெயரையே மீண்டும் சூட்டும். ஆகவே நம் முன்னோர்க்கு நடுவே தங்கிச் செல்லும் சத்திரமாக ஒரு பெயர் வேண்டியிருந்தது. சத்திரமே ஊராகிவிடலாகாது என்பதும் உண்மை. அதனை எண்ணிப் பார்த்தல் இத்தலைமுறையின் கடமை.

நிற்க. ஒரு பெயர் மாற்றத்தை உலகம் எங்ஙனம் ஏற்கின்றது என்பதற்கு நம் இல்லத்துக்குள்ளேயே மற்றுமோர் எடுத்துக்காட்டு உண்டு. நம் மகளிர் ஆடிய ஆட்டம் சதிர் என்று வழங்கியது. 1931இல் திருவாளப்புத்தூர் கல்யாணியின் மகளிர் இருவர் சென்னை மியூசிக் அகாடமியில் ஆடினர். அவர்கள் உலகிற்கு அறிமுகமானது ‘கல்யாணி மகளிர்’ என்னும் தாய்ப்பெயராலேயே. அவ்வாண்டுகளில் இ. கிருஷ்ணய்யர் முதலியோர் முயற்சியால் அவ்வாட்டத்திற்குப் பரதநாட்டியம் என்னும் பெயர் நிலைபெற்றது. பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்ற ருக்மிணிதேவி அவர்கள் 1936இல் அடையாற்றில் கலாக்ஷேத்திரம் கண்டார். பெயர் மாறியதும் ஆட்டம் பெருங்குடி மக்களின் கூடத்துக்குட் சென்றது. சதிர் ஏன் பெயரை மாற்றிக்கொண்டது என்று ஒருவரும் எள்ளவில்லை. பழமை மீண்டது என்று வாழ்த்தினர். ஆட்டத்துக்குக் கிடைத்த இவ்வாழ்த்து ஆடியவர்க்குக் கிடைத்திலது. அவர் பெயர் மாறியபோது ‘முன்பு என்ன பெயர்?’ என்று உலகம் வினவியது. ஒரே காலத்தில், ஒரே வீட்டில் நிகழ்ந்த இரண்டு பெயர் மாற்றங்களுக்கு உலகம் இரண்டு நீதி வைத்தது.

மூன்றாம் தடை வெளியாரிடமிருந்து வந்ததன்று. நம் நெஞ்சகத்தினின்று வருவது. இதனைக் கூறுவதற்கு என் வாழ்க்கையினின்றே ஒன்றைச் சொல்லவேண்டும். யான் ஏழாம் வகுப்பிற் பயிலும்போது, ஆசிரியர் ஒருவர் படிவம் நிரப்புதற்காக எழுப்பி என் சமூகம் யாது என வினவினார். யான் ‘வேளாளர்’ என்றேன். ‘இசை’ என்னும் சொல் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அடுத்த திங்கள் உடன்பயில்வோன் ஒருவன் வீட்டுத் திருமணத்தில் என் தந்தையார் தவில் வாசித்தார். மறுநாள் வகுப்பில் எழுந்த நகைப்பு இன்றும் என் செவியில் உளது. அந்நகைப்பினும் என்னை வருத்தியது வேறொன்று. விரல்களிற் கூடு அணிந்து, வியர்வை சொட்ட, ஊரே தலையசைக்க வாசித்த என் தந்தையை ஒரு சொல்லால் யான் மறுத்துவிட்டேன். அவர் அதனை அறிந்தும் என்னை ஒன்றும் கேட்டிலர்.

யான் மறைத்தது ஒரு சொல். நம் சமூகம் மறைத்ததோ பெண்களின் பெயர்கள். இசை வேளாளர் என்னும் பெயரில் இசை உண்டு, ஆடல் இல்லை என்பதை அன்பர்கள் நோக்கியிருப்பர். அதனோடு, தாய்ப்பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொண்ட வழக்கத்தையும் இழிவெனக் கருதி விட்டுவிட்டோம். ம. ச. சுப்புலட்சுமி என்னும் பெயரில் ‘ம’ மதுரை, ‘ச’ தாயார் சண்முகவடிவு. இவ்விரண்டு எழுத்துக்களை அறியாத இசையுலகம் இல்லை. 1998இல் நாட்டின் மிக உயர்ந்த விருதாகிய பாரத ரத்னா அத்தலைப்பெழுத்துக்களோடு கூடிய பெயருக்கே வழங்கப்பட்டது. த. பாலசரசுவதி அவர்களுக்கு முதலெழுத்து தஞ்சாவூர். அவர்தம் கலைக்கு முதல் பாட்டியார் வீணை தனம்மாளும் தாயார் ஜெயம்மாளும். இவர்கள் எவரும் தம் பெயரை மறைத்தாரல்லர். பெயர்க்கு ஒளி தந்தனர்.

திருவையாற்றில் தியாகராச சுவாமிகளின் சமாதிக்குத் தம் சொந்தப் பொருளாற் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். ஆண்டுதோறும் அங்குத் திரளும் கூட்டத்தில் எத்துணைப் பேர் அவர் எக்குடியினர் என்று எண்ணுகின்றனர்? பொட்டுக்கட்டு ஒழிப்புச் சட்டத்தை அவர் எதிர்த்தவர். மூவலூர் அம்மையார் அதற்காகவே உழைத்தவர். ஒருவர் பழைய பெயரின் மாண்பைக் காக்க விரும்பினார். மற்றவர் அப்பெயரால் விளைந்த துன்பத்தை ஒழிக்க விரும்பினார். பொட்டுக்கட்டுதல் ஒழிந்தது நன்றே. அதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் வழக்கத்தை ஒழித்தல் வேறு, அவ்வழக்கத்தில் வாழ்ந்த தாய்மாரை நினைவினின்று ஒழித்தல் வேறு. முன்னது சீர்திருத்தம், பின்னது நன்றி மறத்தல்.

என் தாயாரின் பாட்டியார் திருவாரூரை அடுத்த எங்கள் ஊர்க்கோயிலிற் பணிபுரிந்தவர். அவர் எழுதிவைத்த நிலப்பத்திரம் ஒன்று எங்கள் வீட்டுப் பெட்டியில் உளது. அதில் அவர் பெயர்க்கு முன் தந்தை பெயரோ கணவர் பெயரோ இல்லை; ‘இன்னாள் குமாரத்தி’ என்று தாயின் பெயரே உளது. அந்நிலத்தின் நெல்லே மூன்று தலைமுறைக்குச் சோறும் கல்வியும் ஆயிற்று. யான் தமிழ் பயின்றதும் அந்நெல்லால்தான். ஆயினும் எங்கள் வீட்டுத் திருமண அழைப்பிதழ்களில் அவர் பெயர் ஒருகாலும் அச்சேறவில்லை.

இவ்வளவையும் விரித்து என் மருகனுக்கு எழுதினேன். பிள்ளை என்று எழுதினால் தவறன்று, எனினும் அதற்குரிய காலம் கழிந்தது. ஊர்ப்பெயரை எழுதுதல் நம் வித்துவான்களின் மரபு, திருவீழிமிழலை, செம்பனார்கோயில், நீடாமங்கலம், வழுவூர் என்று ஊரையே முதற்பெயராகக் கொண்டு நாம் உலகை வென்றோம். எதனை எழுதினும் மறைத்தற்பொருட்டு எழுதாதே என்று முடித்தேன்.

அவன் தெரிந்துகொண்டது இவற்றுள் ஒன்றுமன்று. அப்பாட்டியாரின் பெயரையே தன் மகளுக்குக் குடும்பப்பெயராக எழுதிவிட்டான். இச்செய்தி கேட்டு என் தமையனார் இரண்டு நாள் வாய் திறந்திலர். மூன்றாம் நாள், “அந்தம்மா யார்னு சம்பந்தி வீட்டிலே கேட்டா என்னடா சொல்றது?” என்றார். உடனே விடை கூற எனக்கும் நா எழவில்லை. ஏழாம் வகுப்பில் நின்ற அதே சொல் அதே தொண்டையில் நின்றது. சிறிது பொறுத்து, “கேட்டா சொல்லுவோம் அண்ணே, நிலப்பத்திரத்தையும் எடுத்துக் காட்டுவோம்” என்றேன். அவர் உடன்பட்டார் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அன்று மாலை பெட்டியைத் திறந்து அப்பத்திரத்தை எடுத்துத் தூசி தட்டியவர் அவரே.

அன்பர்களே, காலம் மாறியுள்ளது. தாயும் பிள்ளைக்கு இயற்கைப் பாதுகாவலர் என்று 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2016இல் கடவுச்சீட்டு விதிகள் திருத்தப்பட்டு, தாய் தந்தை இருவருள் ஒருவர் பெயரே போதும் என்றாயிற்று. 1989இல் தமிழக அரசு ஏழைப் பெண்களின் திருமண உதவித் திட்டத்துக்கு மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரை இட்டது. அத்திட்டம் 2022இல் அரசுப் பள்ளி மாணவியரின் உயர்கல்வி உதவித் திட்டமாக மாறியபோதும் அவர் பெயர் நிலைத்தது. என் பள்ளி மாணவியர் அத்திட்டத்தை நாடி விண்ணப்பிக்கும்போது, அப்பெயருக்கு உரியார் யார் என்று அவர்கட்குக் கூறுவதை யான் வழக்கமாகக் கொண்டுள்ளேன். எக்குடியில் எத்துன்பத்தினின்று எழுந்தவர் என்பதையும் சேர்த்தே கூறுகின்றேன்.

ஆகவே நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டுப் பெட்டியிலுள்ள பழைய பத்திரங்களையும் கச்சேரி விளம்பரங்களையும் தேடி, அவற்றிற் காணும் பெண்பெயர்களை ஒரு தாளில் எழுதி வைப்பதாகுக. மக்கட்குப் பெயரிடுங்கால் அத்தாளை ஒருமுறை நோக்குக. பிறர் நகைப்பர் என்னும் அச்சம் எழலாம். பிறர் நோக்கு நம் கையில் இல்லை. ஆயிரம் ஆண்டில் அது பன்முறை மாறியுள்ளது, இனியும் மாறும். தளிச்சேரியில் வாழ்ந்த 400 பெண்களின் பெயரைச் சோழ மன்னன் கல்லிற் பொறித்தான். நம் பாட்டிமார் பெயரைத் தாளில் எழுதவேனும் நாம் அஞ்சாதிருத்தல் வேண்டும்.